மலைத் தண்ணீரும் குளத்து மீனும்

2,036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுல மலையிலே பெய்கிற மழை, எந்தச் சரிவில் விழுகிறது என்பதைப் பொறுத்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத திசைகளுக்குப் பிரிந்து போகிறது. ஒரு புறத்து ஓடைகள் பதுளை ஓயாவிலே சேர்ந்து, பதுளை நகரைச் சுற்றிக்கொண்டு, துன்ஹிந்தவிலே பாறையிலிருந்து குதித்து, மகாவலி கங்கையை அடைகின்றன; மற்றொரு புறத்தில் ஊறுவது மாணிக்க கங்கையாகிக் கதிர்காமத்துக் கந்தன் சந்நிதியைத் தொட்டுக்கொண்டு கடலுக்குச் செல்கிறது; எல்லப் பக்கத்தில் இராவணன் அருவி வழியாக இறங்குவது கிரிந்தி ஓயாவிலே கலந்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. இம்மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலே நம்மவர் பீலியில் குடம் வைத்துப் பிடித்தது போக எஞ்சி ஓடுகிற தண்ணீர், பல மைல்களுக்கு அப்பால் ஏதோ ஒரு குளத்தில் மீன்களுக்கு வாசஸ்தலமாகிறது என்பதும், அந்த மீனே ஐஸ் பெட்டியில் ஏறி மறுபடியும் மலைக்கு வந்து நம் குழம்புச் சட்டியில் விழுகிறது என்பதும், நாம் அதிகமாக யோசித்துப் பாராத ஒரு சுற்றோட்டம்.

கிராந்துருகோட்டைப் பகுதியிலே சிறுநீரக நோய் பரவிய காலம் முதலாக, பதுளைச் சந்தையிலும் பசறைக் கடைவீதியிலும் குளத்து மீனைப் பற்றி ஒரு சந்தேகம் பேச்சோடு பேச்சாக நடமாடி வருகிறது. மோட்டார் சைக்கிளின் பின்னே பெட்டி கட்டி, ஹோர்ன் அடித்துக்கொண்டு லயத்து வாசலுக்கு வரும் மீன்காரரிடம், "அண்ணே, இது எந்தக் குளத்து மீன்?" என்று கேட்கிற பெண்ணுக்கு, "உல்ஹிட்டிய, அக்கா. விடியக்காலையில ஏத்துனது" என்று விடை கிடைக்கும்போது, கிராந்துருகோட்டைக்கு நீர் பாய்ச்சும் அந்தக் குளத்தின் பெயரே அவளைத் தயங்கச் செய்வதைக் கண்டிருக்கிறேன். தயங்கியவள், "வேணாம் அண்ணே" என்று சொல்லிவிட்டு, மாலையில் கடைக்குப் போய்ச் சுறாக் கருவாடு வாங்கி வருகிறாள். அவளுடைய பயம் அடியோடு ஆதாரமற்றது அன்று. ஆனால் அது பற்றிக்கொண்டிருக்கும் இடம் தவறு என்பதே, இவ்விஷயத்தில் வெளிவந்திருக்கும் ஆராய்ச்சிகளைப் படித்துப் பார்த்ததில் எனக்கு உண்டான அபிப்பிராயம்.

கன உலோகங்கள் என்று ஒரே பெயரால் வழங்கப்பட்டாலும், தேகத்தைப் பொறுத்தவரையில் அவற்றுள்ளே இரண்டு வகை உண்டு. செம்பும் துத்தநாகமும் மனிதனுக்கும் மீனுக்கும் சிறிய அளவிலே அவசியமானவை. அவை குறைந்தாலும் நோய், மிகுந்தாலும் நோய். கட்மியம், ஈயம், பாதரசம் ஆகிய மூன்றுக்கும் சரீரத்திலே எந்தவொரு வேலையும் கிடையாது. வேலையில்லாமல் உள்ளே வந்தவை சும்மாவும் இருப்பதில்லை: கட்மியம் துத்தநாகத்தின் இடத்திலும் கல்சியத்தின் வழியிலும் புகுந்துகொள்ளும், ஈயம் கல்சியத்தைப் போல நடித்து எலும்பிலே குடியேறிவிடும், பாதரசம் நரம்பை நாடும். தீயிலே வெந்து கிருமிகள் சாவது போல உலோகம் சாவதில்லை. புளி விட்டாலும், மஞ்சள் போட்டாலும், எத்தனை கொதி கொதித்தாலும் அது சட்டியிலேயேதான் இருக்கும். உடம்பில் சேர்ந்த பிறகும், போவதற்கு அது எடுத்துக்கொள்ளும் காலம் நெடிது. சிறுநீரகத்திலே தங்கிய கட்மியம் பாதியாகக் குறைவதற்கு 10 முதல் 30 வருஷங்கள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது, இருபது வயதிலே உண்டதன் ஒரு பகுதி நாற்பது வயதிலும் உடனிருக்கும்.

மீனுக்குள்ளே இவ்வுலோகங்கள் புகுவதற்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, தண்ணீரை இடைவிடாது வடித்து மூச்சு வாங்குகிற செவுள், மற்றது வாய். செவுளின் வழியிலே நடக்கும் விஷயம் விசித்திரமானது. தண்ணீரில் கல்சியம் நிறைந்திருந்தால், செவுளின் நுழைவிடங்களைக் கல்சியமே பிடித்துக்கொள்வதால் கட்மியத்துக்கும் செம்புக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. கல்சியம் குறைந்த மெல்லிய நீரில் அவை தடையின்றி ஏறுகின்றன. நம்முடைய மலை ஓடைகள் பழமையான படிகப் பாறைகளின்மேல் ஓடிவருபவையாதலால் அவற்றின் நீர் மென்மையானது. வறண்ட வலயத்துக் கிணறுகளின் நீரோ கடினமானது. மனிதனுடைய சிறுநீரகத்துக்குக் கேடு செய்வதாகச் சந்தேகிக்கப்படும் அந்தக் கடின நீரே, மீனின் செவுளுக்கு ஒருவகைக் கவசமாக அமைகிறது என்பது இயற்கையின் வேடிக்கைகளில் ஒன்று.

வாயின் வழியைப் பார்க்க வேண்டுமானால், ஜப்பான் மீன் என்று நம் பக்கத்தில் சொல்லப்படும் திலாப்பியா ஒன்றை அரிவாள்மணையில் வைத்து வயிற்றைக் கீறிப் பார்க்க வேண்டும். வயிற்றின் உட்புறத்தில் கறுப்பான ஒரு மெல்லிய தோல் படிந்திருக்கும். அதனுள்ளே நூற்கண்டு சுற்றியது போன்ற குடல், மீனின் நீளத்தைப்போலப் பல மடங்கு நீண்டு, பச்சையும் பழுப்புமான சேறு நிறைந்து கிடக்கும். பாசியையும் குளத்தடியில் படிந்த சேற்று மக்கலையும் தின்று வாழும் பிராணி அது. உலோகங்கள் நீரிலே கரைந்திருப்பதைக் காட்டிலும் சேற்றோடு ஒட்டிக் கிடப்பதே அதிகமாதலால், அந்தக் குடல் குளத்தின் சரித்திரத்தையே சுமக்கிறது எனலாம். குடலை உருவி எறிந்த பின்பு, முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கீற்று நீளமாகத் தெரியும். உறைந்த இரத்தம் என்று பலரும் எண்ணி, அவசரத்தில் அப்படியே விட்டுவிடுகிற அது, மீனின் சிறுநீரகம். மீன் தான் பெற்ற கட்மியத்தை மெட்டலோதயோனின் என்ற ஒரு புரதத்தோடு பிணைத்து, ஈரலிலும் இந்தச் சிறுநீரகத்திலும் பத்திரப்படுத்தி வைக்கிறது. நாம் ஆசையோடு உண்ணும் சதையிலே அது சேர்க்கிற அளவு இவற்றோடு ஒப்பிட மிகமிகக் குறைவு. ஈயம் செவுளிலும் எலும்பிலும் செதிலிலும் தங்கும். ஆகையால் மீனிலே இத்தனை உலோகம் இருந்தது என்று யாராவது சொன்னால், மீனின் எந்த அங்கத்தில் என்று திருப்பிக் கேட்பது குதர்க்கமாகாது.

இனி, கிராந்துருகோட்டைக்கு வருவோம். பதுளை மாவட்டத்தின் வடகோடியிலே, துரித மகாவலித் திட்டத்தின் குடியேற்றங்களில் ஒன்றாக எழுந்த அந்தப் பிரதேசம், மெதவாச்சி, பதவியா முதலிய இடங்களைப் போலவே, 1990களிலிருந்து காரணம் தெரியாத சிறுநீரக நோய்க்குப் பேர்போனதாயிற்று. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத விவசாயிகள், நடுவயதிலேயே, வலியோ வீக்கமோ முன்னறிவிப்புச் செய்யாமல் சிறுநீரகம் சுருங்கி வைத்தியசாலைக்கு வந்தார்கள். 2008ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பண்டார முதலானோர், தொடர்குளங்களின் கீழே வாழும் விவசாயக் குடும்பங்களிலே இந்நோய்க்கு அரிசியிலும் திலாப்பியா மீனிலும் உள்ள கட்மியமே காரணமாகலாம் என்று ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, அந்தக் கட்மியம் விவசாய உரங்களிலிருந்து கழுவப்பட்டு மகாவலியின் வழியே வயல்களுக்கு வருவதாகக் கூறிற்று. மலைநாட்டிலே இருக்கும் நமக்கு இந்த இரண்டாவது கூற்று அலட்சியம் செய்யத் தக்கதன்று. ஏனெனில், வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டங்களின் ஊடே ஓடிவரும் உமா ஓயா ரந்தம்பையிலே மகாவலியோடு சேர, மினிப்பையிலே திருப்பப்பட்ட நீர் வலதுகரைக் கால்வாய் வழியாக உல்ஹிட்டிய, இரத்கிந்த ஆகிய இரட்டை நீர்த்தேக்கங்களை அடைந்து, அங்கிருந்தே கிராந்துருகோட்டையின் வயல்களுக்குப் பாய்கிறது.

அந்த ஆய்வுகள் பெரும் பரபரப்பை உண்டாக்கின. ஆனால் விஞ்ஞானத்தில் முதற்குரல் முடிவான குரலாவது அபூர்வம். பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் அப்பகுதிகளின் நீரிலும் அரிசியிலும் கட்மியம் கவலைப்படும் அளவில் இல்லை என்று கண்டார்கள். உலக சுகாதார ஸ்தாபனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் சேர்ந்து அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மாவட்டங்களில் நடத்தி, 2013இல் முடிவுகள் வெளியான ஆய்விலே, நோய் ஆண்களில் 12.9 சதவீதமாகவும் பெண்களில் 16.9 சதவீதமாகவும் காணப்பட்டது. கடுமையான நிலைகளை எட்டியவர்களில் ஆண்களே அதிகம். நோயாளிகளின் சிறுநீரிலே கட்மியம் மற்றவர்களைவிட மிகுந்திருந்ததால், உணவு வழியாகச் சிறுகச் சிறுகச் சேரும் கட்மியமும் பூச்சிகொல்லிகளும் இதிலே பங்கு பெறலாம் என்று அவர்கள் எழுதினார்கள். அதே காலத்திலும் பிறகும், கிணற்று நீரின் கடினத்தன்மையோடு கூடிய புளோரைட், வெயிலிலே உழைத்து நீர் குடியாமை, பாரம்பரியக் கூறு என்று வேறு காரணங்களும் முன்வைக்கப்பட்டன. ஊற்று நீரைக் குடிக்கும் குடும்பங்களிலே இந்நோய் அருகியே காணப்படுகிறது என்பதைப் பலரும் கவனித்திருக்கிறார்கள். ஆந்திர தேசத்தின் உத்தானத்திலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதைப் போன்ற நோய் ஏழை உழைப்பாளிகளையே தேடிப் பிடித்திருப்பதைப் பார்க்கையில், ஒரு குளத்து மீனின் தலையிலே முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகத் தோன்றவில்லை.

பழியைப் பங்கிட ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உணவு மற்றும் விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, ஒருவர் ஒரு மாதத்தில் தம் உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 25 மைக்ரோகிராம் வரை கட்மியத்தைத் தாங்கலாம் என்று 2010இல் நிர்ணயித்தது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அது மாதத்துக்கு 1,250 மைக்ரோகிராம். ஐரோப்பிய நாடுகள் சாதாரண மீனின் சதைக்கு விதித்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 50 மைக்ரோகிராம். அந்த உச்ச வரம்பைத் தொட்ட மீனையே அவள் தின்று வந்தாலும், மாத எல்லையை மீன் ஒன்றினாலேயே அடைய 25 கிலோ மீன் வேண்டும். தோட்டத்துக் குடும்பம் ஒன்றிலே தனியொருத்தி மாதத்துக்கு 25 கிலோ மீன் உண்பது கனவிலும் நடவாது. ஆனால் சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் மட்டுமே கட்மியம் கொண்ட அரிசி, சர்வதேச உணவு நியமத்தின் 0.4 என்ற வரம்புக்கு எவ்வளவோ உட்பட்டது. அந்த அரிசியில் நாளொன்றுக்கு 400 கிராம் உண்டால், முப்பது நாளில் 1,200 மைக்ரோகிராம் சேர்ந்துவிடுகிறது. எல்லை கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்துபோகிறது. ஜப்பானில் ஜின்சு நதிப் பள்ளத்தாக்கிலே, கமியோகா சுரங்கத்திலிருந்து கசிந்த கட்மியத்தால் எலும்புகள் நொறுங்கி, "வலிக்கிறது, வலிக்கிறது" என்று பெண்கள் கதறிய இத்தாய்-இத்தாய் நோயை 1968இல் அந்நாட்டு அரசு சுரங்க மாசின் விளைவென ஒப்புக்கொண்டது. அங்கேயும் விஷம் முக்கியமாக வந்தது நதிநீர் பாய்ந்த வயலின் அரிசியில்தான்.

கட்மியத்தைப் பற்றி நம் பெண்கள் அறிய வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. சாதாரணமாக, உண்ட கட்மியத்தில் நூற்றுக்கு ஐந்து பங்களவே குடல் உறிஞ்சுகிறது. உடம்பிலே இரும்புச் சத்து குறைந்திருந்தால், இரும்புக்கென்று அகலமாகத் திறந்து வைத்த வாசலிலே கட்மியமும் கூடவே நுழைந்து, அந்த விகிதம் உயர்ந்துவிடுகிறது. இரத்தச்சோகை மலிந்த லயங்களிலே, ஒரே சட்டிக் குழம்பை உண்ணும் கணவனைக் காட்டிலும் மனைவியே அதிகக் கட்மியத்தைச் சேர்ப்பாள் என்பது இதன் பொருள். புகையிலையும் கட்மியத்தை மண்ணிலிருந்து ஆவலோடு இழுக்கும் பயிர். சுருட்டும் பீடியும் பிடிப்பவர் உணவின் மூலம் பெறுவதற்குச் சமமான அளவைப் புகையின் மூலமே பெறக்கூடும். கொழுந்துக் கூடையோடு வெற்றிலைப் பையையும் சுமந்து மலையேறுகிறவர்கள், அந்தப் புகையிலைத் துண்டைக் குறைத்துக்கொள்வது, மீனை விலக்குவதைவிட நல்ல காரியம்.

பாதரசத்தின் நியாயம் முற்றிலும் வேறு. கட்மியத்துக்குச் சோறு எப்படியோ, பாதரசத்துக்கு மீன் அப்படி. நீரடிச் சேற்றிலே வாழும் நுண்கிருமிகள் பாதரசத்தை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் ஏற ஏறப் பெருகிக்கொண்டே போகிறது. ஈரலிலே ஒதுங்காமல் சதையின் புரதத்தோடேயே பிணைந்துவிடுவதால், எவ்வளவு சுத்தமாக அரிந்து கழுவினாலும் அதை நீக்க வழியில்லை. ஜப்பானிலே மினமாத்தா என்ற கடற்கரை ஊரில், சிஸ்ஸோ கம்பனியின் இரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை விரிகுடாவிலே கொட்டிய பாதரசம் இப்படித்தான் மீனவர் குடும்பங்களின் தட்டுக்கு வந்து சேர்ந்தது. 1956இல் நோய் அதிகாரபூர்வமாக இனங்காணப்பட்டபோது, முன்னரே பூனைகள் பித்துப் பிடித்தாடிச் செத்திருந்தன. யாதொரு நோயுமற்ற தாய்மார் வயிற்றிலிருந்து மூளை வளராத குழந்தைகள் பிறந்தன. நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் கொடைக்கானல். அமெரிக்காவிலே மூடப்பட்டு 1980களிலே அம்மலைநகருக்குக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவின் காரணமாக 2001இல் மூடப்பட்டது. பிறகு ஆராய்ந்தவர்கள் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். மலை உச்சியிலே பெரிய ஆலை எதுவும் இல்லையே என்ற தைரியத்துக்கு அந்த ஏரி ஒரு மறுப்பு.

ஊவாவின் குளங்களுக்கு அப்படியொரு ஆலை வாய்க்கவில்லை. குளத்துத் திலாப்பியாவும் பாசியுண்ணியாதலால் உணவுச் சங்கிலியின் கீழ்ப்படியிலேயே நிற்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அளவீடுகளில் திலாப்பியாவின் சராசரிப் பாதரசம் கிலோவுக்கு 0.013 மில்லிகிராம், சுறாவுக்கும் வாள்மீனுக்கும் அது ஏறத்தாழ 1 மில்லிகிராம். மேற்சொன்ன 50 கிலோப் பெண், வாரத்துக்கு 80 மைக்ரோகிராம் மெதில் பாதரசத்துக்கு மேல் உண்ணலாகாது என்பது நிபுணர்களின் நிர்ணயம். அந்த அளவை எட்டத் திலாப்பியாவானால் 6 கிலோ வேண்டும். பெரிய சுறாவானால் 80 கிராம் போதும். கருவாடாக உலரும்போது நீர் போகிறதேயன்றிப் பாதரசம் போவதில்லை. ஆகவே அதே எடையுள்ள கருவாட்டிலே இன்னும் கூடுதலாக இருக்கும். குளத்து மீனுக்குப் பயந்து சுறாக் கருவாட்டுக்கு ஓடியவள், அதிலும் அவள் கர்ப்பவதியாக இருந்துவிட்டால், நிழலுக்கு அஞ்சி வெயிலிலே நின்றவளாவாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு ஊட்டும் வழக்கம் நம்மிடையே தொன்றுதொட்டு உள்ளது. அதற்குப் பால்சுறா என்று பெரியவர்கள் தேர்ந்தது சிறிய இனம், ஆகையால் பாதரசமும் குறைவு. பெரிய சுறாவை வெட்டித் துண்டாக விற்பதை அதன் பெயரால் வாங்குவதிலேதான் ஆபத்து இருக்கிறது. விராலும் பிற மீனைப் பிடித்துண்ணும் இனமாதலால், நன்னீர் மீன்களுக்குள்ளே வயது முதிர்ந்த பெரிய விராலை அடிக்கடி உண்ணாமல் இருப்பது நலம்.

ஈயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் இவ்வுலோகத்துக்குப் பத்திரமான அளவு என்று ஒன்று இல்லை எனக் கண்டு, முன்பு விதித்திருந்த வரம்பை அந்த நிபுணர் குழுவே 2010இல் வாபஸ் வாங்கிக்கொண்டது. இலங்கையிலே பெற்றோலில் ஈயம் கலப்பது 2002இல் நின்றது. பழைய பற்றரிகளை உடைத்து உருக்கும் இடங்களே இன்று கவனிக்க வேண்டியவை. பழைய இரும்புக் கடைச் சாமான்களை உருக்கி வார்த்த மலிவான அலுமினியச் சட்டிகளிலிருந்தும் ஈயம் கசியும். அத்தகைய சட்டியிலே புளி கரைத்துக் கொதிக்க வைத்தால், மீனிலே இல்லாத ஈயமும் குழம்பிலே இருக்கும்.

நம்முடைய தேயிலை மலைகள் இந்த வரலாற்றிலே முற்றும் நிரபராதிகள் என்றும் சொல்ல முடியாது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையிலே தோன்றியது முதல், மழை மாதங்களிலே செம்புச் சேர்க்கை மருந்து தெளிப்பது தோட்டங்களின் நித்திய கருமங்களில் ஒன்றாயிற்று. தெளித்த செம்பு இலையிலிருந்து வழிந்து, மேல்மண்ணின் மக்கலோடு ஒட்டி, வருஷத்துக்கு வருஷம் சேர்கிறது. மண் அரிக்கும்போது அதனோடு ஓடைக்குப் போகிறது. வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மலைநாட்டு ஓடைகளில் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனைப் போன்றவைகளுக்கு, லீற்றருக்குச் சில மைக்ரோகிராம் செம்பே மோப்ப சக்தியைக் கெடுத்துவிடும். மென்மையான நீரிலே அதன் கொடுமை மேலும் கூடும். ஆனால், அந்த மீனை உண்கிற மனிதனுக்கு அதனால் தீங்கு விளைவது அரிது. செம்பு மீனுக்குத்தான் விஷமாகிறது, சதையிலும் அதிகம் ஏறுவதில்லை. மருந்தடிக்கும் டாங்கியை ஓடையில் கழுவுகிறவர், கீழே யாரும் அந்த மீனை உண்டு சாவதில்லை என்பதனால் தாம் செய்வது சரியென்று நினைத்துவிடக் கூடாது; மீனற்றுப் போன ஓடைகளை மலையிலே அடிக்கடி காணலாம்.

உரத்தின் கதை இதைவிடப் பெரிது. கட்மியம் கலந்து வருவது, கனிமப் பாறையிலிருந்து செய்யப்படும் பொஸ்பேட் உரத்திலே. பாறை எந்த நாட்டது என்பதைப் பொறுத்து அதன் அளவு பன்மடங்கு வேறுபடும். யூரியா காற்றிலுள்ள நைதரசனிலிருந்து தயாராவது. அதிலே கட்மியத்துக்கு இடமில்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனிக்காததன் பலனை நாம் 2021இல் அனுபவித்தோம். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உரங்கள் அனைத்தின் இறக்குமதியையும் அரசு ஒரே அடியாக நிறுத்தியபோது, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் சிறுநீரக நோயும் ஒன்று. நெல் விளைச்சல் சரிந்தது; தேயிலைக் கொழுந்து குறைந்தது; ஆண்டு முடிவதற்குள் தடை கைவிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் செய்ததோ வேறு: பொஸ்பேட் உரத்திலுள்ள ஒவ்வொரு கிலோ பொஸ்பரஸ் ஒக்சைட்டுக்கும் 60 மில்லிகிராமுக்கு மேல் கட்மியம் கூடாது என்று வரம்பு வைத்து, 2022 ஜூலை முதல் அமுல்படுத்திற்று. எல்லாவற்றையும் தடுப்பது எளிது போலத் தோன்றினாலும், அளந்து வாங்குவதே உருப்படியான வேலை; துறைமுகத்திலே ஒவ்வொரு கப்பல் உரத்தையும் அளந்து பார்க்கும் ஆய்வுகூடத்துக்கு ஆகிற செலவு, ஒரு போக நெல்லை இழப்பதோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை.

மீனைப் பற்றிய பீதியிலும் இப்படி ஒரு நஷ்டம் ஒளிந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, தோட்டப்புறங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 32 சதவீதமானோர் வயதுக்குரிய உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்குமான விகிதம் 17 சதவீதமே. இந்தப் பிள்ளைகளுக்கு மலிவாகக் கிடைக்கக்கூடிய புரதத்தில் குளத்து மீன் முதன்மையானது. 1952இல் ஆபிரிக்காவின் திலாப்பியா இங்கே கொண்டுவரப்பட்டு நீர்த்தேக்கங்களில் விடப்பட்ட பிறகுதான், கடலை விட்டுத் தூரமான ஊர்களிலே ஏழைக்குப் பச்சை மீன் எட்டியது. 1990 முதல் 1994 வரை, உயிர்க்கொலை பாவமென்ற சமயக் காரணத்தால் அரசு நன்னீர் மீன்வளர்ப்புக்கான ஆதரவை விலக்கிக்கொண்டபோதும், குளங்களிலே தானே பெருகி இந்த மீன் மக்களைக் கைவிடவில்லை. அதிலே இரும்பும் செலினியமும் உண்டு. இரும்பு, முன்பு சொன்னபடி, கட்மியத்தின் வாசலைச் சாத்த உதவும். இவ்வாறு பார்க்கையில், மீனை விலக்குகிற குடும்பம் கட்மியத்தை விலக்குவதில்லை. அதற்கெதிரான துணையையே விலக்குகிறது.

எனவே, வீட்டிலே செய்யக்கூடியது கொஞ்சந்தான், ஆனால் அது திட்டமானது. செவுளையும் குடலையும் ஈரலையும் எறிந்துவிட வேண்டும். முதுகெலும்பை ஒட்டிய அந்தக் கருஞ்சிவப்புக் கீற்றைக் கத்திமுனையால் சுரண்டி எடுத்துக் கழுவ வேண்டும். வயிற்றுக்குள்ளிருக்கும் கறுப்புத் தோலையும் உரித்துவிடலாம். எறிந்ததைக் கோழிக்குப் போடாமல் புதைத்துவிடுவது உத்தமம். ஒரே குளத்து மீனையே வருஷம் முழுதும் உண்ணாமல், நெத்தலி, சாளை போன்ற சிறிய கடல்மீனோடு மாற்றி மாற்றிச் சமைத்தால், எந்த ஒரு நீரின் குறையும் ஒரு தேகத்திலே மிதமிஞ்சிச் சேராது. குளத்திலே கிடைக்கும் மட்டியும் நண்டும் தம் உடம்பில் கட்மியத்தைச் சேர்த்து வைப்பதில் மீனை மிஞ்சியவை. அவற்றைத் தொழிற்சாலைகளுக்கும் நகரச் சாக்கடைகளுக்கும் கீழேயுள்ள நீரிலிருந்து பிடித்து உண்பது கூடாது.

வீட்டாரால் ஆகாதது, அளப்பது. மீன்வளத்தை ஆராய்வதற்கும் நன்னீர் மீன்வளர்ப்பை வளர்ப்பதற்கும் தனித்தனியே அரச ஸ்தாபனங்கள் இந்நாட்டில் உள்ளன. வருஷந்தோறும் குளங்களிலே மீன்குஞ்சு விடுகிறவர்களுக்கு, அதே குளத்து மீனைச் சோதித்துப் பார்ப்பது புதிய பாரமாகாது. மாரி மழை தொடங்குமுன், ஆவணி புரட்டாதி மாதங்களிலே, உல்ஹிட்டியவிலும் இரத்கிந்தவிலும் நீர் வற்றி, சேறு கலங்கி, மீன் மலிந்து விலை இறங்கும். பதுளைக்கும் பசறைக்கும் அதிகமான பெட்டிகள் ஏறுவதும் அப்போதுதான். சோதனைக்கான மீனை அந்தச் சமயத்திலே பிடித்து, சதை வேறு, ஈரல் வேறு, சிறுநீரகம் வேறு என்று பிரித்து அளந்து, எந்தக் குளம், எந்த மாதம், எத்தனை பெரிய மீன் என்ற விபரங்களோடு தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். வயலின் அரிசியையும், அதே ஊர்க் கிணற்று நீரையும் அந்தக் கையோடேயே எடுத்து அளக்காவிட்டால், பழி மறுபடியும் மீன்மேலேயே வந்து விழும்.